மாறாத ஒரு வரி

மூன்றை நிறுத்திவிட்டு நான்கை எழுப்ப ஆறு நிமிடம் ஆகும். நான்கை நிறுத்திவிட்டு மூன்றை எழுப்பவும் அதே ஆறு நிமிடம்தான். அந்த ஆறு நிமிடத்தில் விண்ணரசிக்கு ஒரு சொல்லும் கிடையாது. பேச்சு மட்டும் வராது என்று நினைத்துவிடாதீர்கள். எழுதவும் வராது, மனசுக்குள் சொல்லிப் பார்க்கவும் வராது. கண் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருக்கும். நான் பெரிய தைரியசாலி இல்லை. அந்த நேரத்தில் எழுந்துபோய் ஏ.சி.யைச் சரிசெய்வதுபோல் பாவனை பண்ணுவேன்.

என் பெயர் கோமதிநாயகம். கடற்கரையோரம் இருக்கிற ஒரு மாவட்ட மருத்துவமனையில் சொல்துணைப் பிரிவின் டெக்னீஷியன். பிரிவு என்றால் ஒரு அறை, ஒரு மேஜை, ஒரு சாய்வு நாற்காலி, நான். மெஷினுக்குத் தூசி ஆகாது என்பதால் வருகிறவர்கள் செருப்பை வெளியே கழற்றிவிட்டு வரவேண்டும் என்று கதவில் எழுதி ஒட்டியிருக்கிறேன். பக்கவாதத்திலோ விபத்திலோ மூளை பாதித்துச் சொற்களைத் தொலைத்தவர்களுக்குக் காதுக்குப் பின்னால், தோலுக்கடியில் நாணயம்போல் ஒரு சின்ன வில்லையை வைக்கிறார்கள். ஆள் என்ன சொல்ல நினைக்கிறார் என்பதை அது மோப்பம் பிடித்து, அதற்கான சொல்லைத் தேடி எடுத்து நாக்கில் வைக்கும். பேசுவது அவர்கள் வாய்தான், குரலும் அவர்களுடையதுதான். அந்த வில்லைக்குள் ஓடும் இயங்குதளத்தின் பழைய பதிப்பை நாங்கள் மூன்று என்போம். புதியது நான்கு.

மூன்று மந்தம். ஒரு சொல்லை நினைத்தால் ஒரு சொல்லை எடுத்துத் தரும், நினைக்காவிட்டால் சும்மா உட்கார்ந்திருக்கும். ஒரு வாக்கியம் முடிவதற்குள் எதிரில் இருப்பவர் இரண்டு கொட்டாவி விட்டுவிடலாம். நான்கு அப்படியில்லை. இரண்டு சொல் வந்தால் போதும், மிச்சத்தைத் தானே ஊகித்து முடித்துவிடும். கேட்பவருக்கு எதிரில் இருப்பது நோயாளி என்றே தெரியாது. நான்கு வந்த வாரம் எங்கள் வார்டு கல்யாண வீடு மாதிரி இருந்தது. ஒன்றரை வருடமாக ஒரு முழு வாக்கியம் பேசாத ஒரு கணக்கு வாத்தியார் நர்ஸிடம் உப்புமா சரியில்லை என்று சண்டை போட்டார்.

விண்ணரசி மட்டும் ஒரே வாரத்தில் திரும்பி வந்துவிட்டாள். கூடவே அவள் புருஷன் தொம்மை. அவர் மீன்பிடித் துறைமுகத்தில் படகு என்ஜின் பழுது பார்க்கிறவர். எத்தனை முறை கழுவினாலும் நகக்கண்ணில் கிரீஸ் இருக்கும்.

"நல்லாத்தான் பேசுதா சார். ஆனா இதைக் கழட்டச் சொல்லுதான்னு நெனைக்கேன்" என்றார்.

அவளே சொல்லவில்லையா என்று கேட்டேன்.

"கேட்டா, ரொம்ப வசதியா இருக்கு, நல்லா இருக்குங்கா. சொல்லிட்டுத் தலையில அடிச்சுக்கிடுதா."

விண்ணரசி என் முகத்துக்கு நேரே மூன்று விரலைக் காட்டினாள். அவள் வாய் அதே சமயம், "சாருக்கு எதுக்கு வீண் சிரமம்" என்று இனிமையாகச் சொன்னது.

இரண்டு பதிப்பையும் ஒரே வில்லையில் வைத்திருக்க விதிமுறையில் இடமில்லை. தடை என்றும் எங்கும் எழுதவில்லை. எழுதாமல் விட்டதை நான் சாதகமாக எடுத்துக்கொண்டேன். வில்லையின் சின்ன நினைவகத்தை இரண்டாகப் பிரித்து, ஒன்றில் மூன்றும் மற்றதில் நான்கும் போட்டேன். இடம் பற்றாததால் சிலதைப் பொதுவில் வைக்க வேண்டியிருந்தது: அவள் குரல், சொந்தக்காரர்கள் பெயர்கள், விலக்க வேண்டிய சொற்களின் பட்டியல். இரண்டு குடித்தனத்துக்கு ஒரே அடுப்படி. வில்லை எழும்பும்போது என் திரையில் இரண்டு எண்கள் வரும். பத்து விநாடிக்குள் நான் மூன்றை அழுத்தாவிட்டால் நான்குதான் வரும். அதை மாற்ற என்னால் முடியவில்லை, தயாரிப்பாளர்கள் அப்படிப் பூட்டியிருந்தார்கள். மார்ச் முப்பத்தொன்றோடு மூன்றுக்கு ஆயுள் முடிகிறது, அதன் பிறகு எந்த வில்லையிலும் அது எழும்பாது என்று சுற்றறிக்கையும் அனுப்பியிருந்தார்கள்.

எதற்காக இந்தப் பாடு என்றால், விண்ணரசி சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று இருந்தது.

ஒன்றரை வருடத்துக்கு முன் ஊருக்கு வெளியே இருக்கும் இறால் ஆலையில் அம்மோனியா கசிந்தது. குளிர் அறைக்குள் மாட்டிக்கொண்டு ஐந்து பெண்கள் இறந்தார்கள். அதில் ஒருத்தி லூர்து, தொம்மையின் ஒரே தங்கை. விண்ணரசி அந்தப் பகுதிப் பெண்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் லைன் லீடர். அறைவாசலில் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக மயங்கிக் கிடந்தவளைத் தூக்கி வந்தார்கள். உயிர் தப்பியது, சொற்கள் போய்விட்டன. கதவு ஒருமுறை வெளியிலிருந்து சாத்தப்பட்டு, ஆறு நிமிடம் கழித்துத் திறக்கப்பட்டது என்று கதவில் இருந்த கருவி பதிந்து வைத்திருந்தது. யார் சாத்தியது என்று அது சொல்லவில்லை. அதைச் சொல்ல மிச்சமிருந்த ஆள் விண்ணரசி ஒருத்திதான். விசாரணை ஆணையம் மார்ச் பன்னிரண்டாம் தேதி அவளை வரச் சொல்லியிருந்தது.

ஊரில் யாருக்கும் சந்தேகம் இல்லை. சூப்பர்வைசர் ஜெயச்சந்திரன்தான். வாயு பரவினால் பக்கத்து ஹாலில் இருக்கிற சரக்கு பூராவும் கெட்டுவிடும் என்று ஆட்களோடு சேர்த்துப் பூட்டிவிட்டான். டீக்கடையில் இதைத்தான் பேசினார்கள், டி.வி.யிலும் இதைத்தான் பேசினார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

நான்கில் விண்ணரசியும் அதையே சொன்னாள். "சைரன் அடிச்சுது. எல்லாரும் ஓடுனோம். சூப்பர்வைசர்தான் வெளிய நின்னு கதவைச் சாத்துனாரு." தடங்கலே இல்லை. இறந்தவர்களின் குடும்பங்களுக்காக வாதாடிய வக்கீல் பேச்சியம்மாள் முதல்முறை அதைக் கேட்டபோது கண்ணைத் துடைத்துக்கொண்டார். தொம்மை சுவரில் சாய்ந்து நின்று தங்கச்சி பேரைச் சொல்லி அழுதார்.

மூன்றில் அவள் சொன்னது இவ்வளவுதான்: "கதவு… பாத்தேன்…" பிறகு ஒரு பெரிய இடைவெளி. "…இல்ல… நான்…" அங்கே மூச்சு வாங்கி நின்றுவிடும். எத்தனை முறை கேட்டாலும் இடைவெளி அதே இடத்தில் விழும். பல் போன இடத்தில் நாக்கு தடவுவதுபோல் அவள் அதையே திரும்பத் திரும்பத் தடவிக்கொண்டிருந்தாள்.

பேச்சியம்மாளுக்கு மூன்று பிடிக்கவில்லை. ஒருநாள் கோர்ட்டிலிருந்து நேராக என் அறைக்கு வந்தார்.

"அண்ணாச்சி, ஒரே ஆளு ரெண்டுலயும் ரெண்டு மாதிரி பேசுனா கம்பெனி வக்கீல் எங்களக் கிழிச்சுத் தொங்க விட்டுருவான். மூணைத் தூக்கிருங்க."

"நாலு அவங்க நெனைக்கதைச் சொல்லுதா, நாம கேக்க ஆசப்படுததைச் சொல்லுதான்னு எனக்கே தெரியல வக்கீலம்மா."

"அதெப்படி தெரியாமப் போவும்?"

"கதவுன்னு அவங்க ஆரம்பிச்சா, அடுத்து என்ன வரும்னு நாலு ஊகிக்கும். ஒன்றரை வருஷமா அவங்க காதுல விழுந்த பேச்சு பூராவும் அதுக்குள்ள கெடக்கு. வீட்டுல, தெருவுல, டி.வி.ல. பத்துல ஒம்பது பேரு கதவுன்னு ஆரம்பிச்சு சூப்பர்வைசர்னுதான் முடிச்சிருக்காங்க. அதுவும் அப்படியே முடிக்கும்."

"தப்புன்னா அவங்க இல்லைன்னு சொல்லலாம்லா?"

"இல்லைங்கதுக்கும் அதே வில்லைதான சொல்லு எடுத்துக் குடுக்கணும்."

பேச்சியம்மாள் கெட்டிக்காரர். புரிந்துவிட்டது என்று முகத்தில் தெரிந்தது. ஆனால் ஐந்து குடும்பங்கள் ஒன்றரை வருடமாக அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கின்றன. "பன்னெண்டாம் தேதி நாலே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு வேறொரு பயமும் இருந்தது. ஒரு விஷயத்தைத் தன் சொந்தக் குரலில் நாள்தோறும் கேட்டுக்கொண்டிருந்தால், கொஞ்ச நாளில் அதுதான் நடந்தது என்று அவளுக்கே தோன்றிவிடாதா? வாரம் இரண்டு நாள் மூன்றை எழுப்பி அவளைப் பேசவிடுவேன். ஒவ்வொரு முறையும் அந்த இடைவெளி அங்கேயே இருக்கிறதா என்று பார்ப்பேன். இருந்தால் ஒரு நிம்மதி.

மார்ச் இரண்டாம் தேதி காலை தொம்மை அவளை விட்டுவிட்டுத் துறைமுகத்துக்குப் போய்விட்டார். மூன்று எழும்பியதும் அவள் வழக்கம்போல் ஆரம்பித்தாள். "கதவு… பாத்தேன்…" இடைவெளி. கையை இறுக்கி மூடினாள். வியர்த்தது. திடீரென்று நாற்காலியிலிருந்து எழுந்து வெளியே போனாள். கோபித்துக்கொண்டு போகிறாள் என்று நினைத்தேன். போன வேகத்தில் திரும்பி வந்து தன்னுடைய செருப்பு இரண்டையும் என் மேஜைமேல், மெஷினுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "என்னம்மா இது, மேசை மேல கொண்டுவந்து…" என்று ஆரம்பித்து அப்படியே நின்றுவிட்டேன். அவள் செருப்பைத் தொட்டாள். பிறகு கையை விரித்து, இல்லை என்பதுபோல் ஆட்டினாள். பிறகு கதவைத் தள்ளிச் சாத்துவதுபோல் காட்டினாள். கடைசியாகத் தன் நெஞ்சில் கைவைத்தாள்.

இதை நான் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, வெட்கமாக இருக்கிறது. ஆரம்பத்தில், அவளுக்கு மூன்று வைத்த புதிதில், எதைக் கேட்டாலும் அவள் வாயில் ஒரே சொல்தான் வந்தது. தண்ணீர் வேண்டுமா என்றால் செருப்பு. பெயர் என்ன என்றால் செருப்பு. இப்படி ஒரு சொல்லில் சிக்கிக்கொள்வது இந்த நோயாளிகளிடம் சகஜம். எங்கள் கணக்கு வாத்தியாருக்கு 'சதுரம்'. பார்க்க வந்த சொந்தக்காரர்கள் சங்கடப்படுகிறார்கள் என்று தொம்மை சொன்னார். அவள் அடிக்கடி காலைக் காட்டுவதைப் பார்த்து, பாவம் மனுஷன், புதுச் செருப்பு மூன்று ஜோடி வாங்கிக் கொடுத்திருந்தார். நாங்கள் இரண்டு பேரும் அதைச் சொல்லிச் சிரித்தோம். அப்புறம் நான் விலக்க வேண்டிய சொற்களின் பட்டியலைத் திறந்து, அந்தச் சொல்லைச் சேர்த்து மூடினேன். பத்து விநாடி வேலை. பட்டியல் பொதுவில் இருந்ததால் நான்கு வந்தபோதும் அது கூடவே போனது.

மூன்றில் விழுந்த அந்த இடைவெளியை வைத்தவன் நான். நான்கு பொய் சொல்கிறது என்று ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணிக்கொண்டிருந்த நானேதான்.

பட்டியலைத் திறந்து அந்தச் சொல்லை எடுத்தேன். அவசரத்தில் இரண்டு முறை தப்பாக அழுத்தினேன். பிறகு விண்ணரசியைப் பார்த்துத் தலையாட்டினேன்.

"கதவு… பாத்தேன். செருப்பு… இல்ல. நான்… சாத்துனேன்."

சொல்லிவிட்டு அவள் அழவில்லை. பெரிய பாரத்தை இறக்கி வைத்தவள்போல் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினாள். மிச்சத்தைச் சொல்ல அவளுக்கு ஒரு மணி நேரம் ஆனது. ஒவ்வொரு சொல்லாக வந்தது, நான் காத்திருந்தேன்.

குளிர் அறைக்குள் போகிறவர்கள் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு போவார்கள். யார் உள்ளே, யார் வெளியே என்று கண்டுபிடிக்க அவர்களுக்கு இதைவிடச் சுலபமான ஏற்பாடு கிடையாது. வாசலில் செருப்பு கிடந்தால் உள்ளே ஆள் இருக்கிறது. வருகைப் பதிவேட்டைவிட அவர்கள் அதைத்தான் நம்பினார்கள், எத்தனையோ வருடமாக அது தப்பியதும் இல்லை. சைரன் அடித்தால் கடைசியாக வருகிறவர் கதவைச் சாத்தவேண்டும் என்பது ஆலை விதி. பக்கத்து ஹாலில் இருநூறு பெண்கள் இறால் உரித்துக்கொண்டிருந்தார்கள். விண்ணரசிக்கு அன்றைக்குக் காலையிலிருந்து ஹாலில்தான் வேலை. சைரன் கேட்டு ஓடி வந்தாள். வாசலைப் பார்த்தாள். ஒரு செருப்பும் இல்லை. எல்லாரும் போயாயிற்று என்று கைப்பிடியை இழுத்துச் சாத்திவிட்டு ஹாலில் இருந்தவர்களை வெளியே விரட்டப் போனாள். ஹால் காலியானதும்தான் அந்தச் சத்தம் அவள் காதில் விழுந்தது. உள்ளேயிருந்து தட்டுகிறார்கள். உள்பக்கத்துப் பிடி உடைந்து எவ்வளவோ நாள் ஆகிறது. அவள் ஓடிப்போய்த் திறந்து உள்ளே பாய்ந்தாள். அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும்.

"செருப்பு எங்க போச்சு?" என்று கேட்டேன்.

"தெரியல… சார்."

தொம்மையிடம் இதை நான் சொல்லவா என்று கேட்டேன். வேண்டாம் என்று கையமர்த்தினாள். "அங்க… எல்லார்… முன்னாலயும்… நானே." பன்னிரண்டாம் தேதி ஐந்து குடும்பமும் உட்கார்ந்திருக்கும் இடத்தில் தானே சொல்லவேண்டும், அதுவும் மூன்றில் சொல்லவேண்டும். அதற்கு அவள் என்னை நம்பியிருந்தாள்.

அடுத்த பத்து நாள் இதையே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் மூன்றில் பேசினால், தப்பு தொழிலாளி மேல்தான் என்று கம்பெனி கையைக் கழுவிவிடும். போலீஸ் வரலாம். பேச்சியம்மாளின் ஒன்றரை வருட உழைப்பு மண்ணாகும். எல்லாவற்றுக்கும் மேலே தொம்மை. தங்கச்சியை அடைத்த கையைத்தான் அவர் ஒன்றரை வருடமாகப் பிடித்துப் பஸ் ஏற்றி என் அறைக்குக் கூட்டி வந்திருக்கிறார். நான்கில் பேசினால் எல்லாருக்கும் நல்லது, அவளைத் தவிர. இதில் மோசம் என்னவென்றால் அதற்கு நான் எதுவும் செய்யவேண்டியதில்லை. பத்து விநாடி சும்மா இருந்தாலே போதும், நான்கு தானாக வந்துவிடும். கை வழுக்கிவிட்டது என்று சொன்னால் யார் கேட்கப் போகிறார்கள்?

ஆணையம் கலெக்டர் அலுவலகத்துப் பெரிய ஹாலில் உட்கார்ந்தது. ஓய்வுபெற்ற நீதிபதி ஒரு வயதான அம்மா. எதையும் இரண்டு முறை கேட்கிறவர். கம்பெனி வக்கீல் கேட்டுக்கொண்டபடி, வில்லையை எல்லார் முன்னாலும் அணைத்து மறுபடி எழுப்ப வேண்டும் என்று உத்தரவு. எந்தப் பதிப்பில் பேசுவது என்பது சாட்சியின் இஷ்டம் என்று நீதிபதி ஏற்கனவே சொல்லியிருந்தார். பேச்சியம்மாள் என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். நான்கு என்று அர்த்தம்.

அணைத்தேன். விண்ணரசியின் கண் வெறுமையானது. தொம்மை பக்கத்தில் உட்கார்ந்து அவள் வலது கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் பொத்தி வைத்திருந்தார். ஐந்து குடும்பங்களும் முன்வரிசையில் இருந்தன. இங்கே எழுந்துபோய்ப் பார்க்க ஏ.சி. இல்லை. உட்கார்ந்துதான் ஆகவேண்டும்.

திரையில் இரண்டு எண்களும் வந்தன. பத்து, ஒன்பது, எட்டு என்று இறங்கியது. நான் அவளைப் பார்த்தேன். சொல் இல்லாத நேரத்தில் அவளுக்கு என்ன நினைவிருக்கும், எதை முடிவு செய்திருந்தாள் என்பதாவது இருக்குமா? ஐந்து. வலது கை தொம்மையிடம் இருந்தது. நான்கு. அவள் இடது கையைத் தூக்கினாள். மூன்று விரல். அவசரமில்லாமல், பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிக்க எழுந்து நிற்கிற பிள்ளைபோல் தூக்கிப் பிடித்திருந்தாள். கீழே இறக்கவே இல்லை.

திரை இரண்டு என்று காட்டும்போது மூன்றை அழுத்தினேன்.

அவள் பேசி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. யாரும் கொட்டாவி விடவில்லை. "செருப்பு இல்ல, நான் சாத்துனேன்" என்ற இடம் வந்தபோது பின்வரிசையில் ஒரு நாற்காலி தரையில் உராய்ந்த சத்தம் கேட்டது. தொம்மை எப்போது கையை விட்டார் என்று நான் கவனிக்கவில்லை. பார்த்தபோது அவள் வலது கை மேஜைமேல் தனியாகக் கிடந்தது. கொஞ்ச நேரத்தில் அவர் எழுந்து யாரையும் பார்க்காமல் வெளியே போய்விட்டார்.

கம்பெனி வக்கீல் சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தார். நீதிபதி மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார். "அன்னைக்கு மட்டும் ஏம்மா செருப்பு இல்ல?"

விண்ணரசிக்குத் தெரியவில்லை. ஹாலில் யாருக்கும் தெரியவில்லை. பேச்சியம்மாள் மெதுவாக எழுந்தார். என்மேல் அவருக்கு இருந்த கோபம் எங்கே போனதோ தெரியாது. அதைக் கம்பெனியிடம் கேளுங்கள் அம்மா என்றார்.

அடுத்த அமர்வில் வாட்ச்மேன் ஒருவரை வரவழைத்தார்கள். அன்றைக்குக் காலை வெளிநாட்டிலிருந்து சரக்கு வாங்குகிறவர்கள் ஆலையைப் பார்க்க வந்திருக்கிறார்கள். வாசலில் செருப்பு கிடந்தால் அசிங்கமாக இருக்கும் என்று மேனேஜர் சொல்ல, வாட்ச்மேன் அத்தனையையும் சாக்கில் அள்ளி மெயின் கேட்டுக்குப் பக்கத்துக் கொட்டகையில் போட்டிருக்கிறார். உள்ளே வேலை செய்தவர்களுக்கே அது தெரியாது. அப்புறம் அந்தச் சாக்கை யாரும் கேட்கவில்லை, அவரும் பயத்தில் சொல்லவில்லை. நீதிபதி சாக்கைக் கொண்டுவரச் சொல்லித் தரையில் கொட்டச் செய்தார். ஐந்து ஜோடி. ஊதாநிற ரப்பர் செருப்பு ஒன்றில் அறுந்த வாரை ஊக்குப் போட்டுச் சேர்த்திருந்தது. அது லூர்துவுடையது. கடைசி வரிசையில் நின்றிருந்த தொம்மை அதைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டார் என்று பேச்சியம்மாள் பிறகு சொன்னார். வழக்கு இன்னும் நடக்கிறது. விண்ணரசி மேலும் ஏதாவது வருமா என்பது யாருக்கும் தெரியாது.

தொம்மை அவளிடம் பேசுவதில்லை என்று கேள்விப்பட்டேன். ஒரே வீட்டில் சமைத்து, சாப்பிட்டு, ஒரு சொல் இல்லாமல்.

மார்ச் முப்பத்தொன்று காலை அவள் என் அறைக்குத் தனியாக வந்தாள். ஆணையத்தில் பேசியதிலிருந்து மூன்றிலேயே இருந்தாள், இனி நான்கு மட்டும்தான். இனிமேல் யார் கேட்டாலும் அவள் வாய் "சூப்பர்வைசர்தான் சாத்துனாரு" என்று தடங்கலில்லாமல் சொல்லும், ஆயுசுக்கும். எனக்கு அதை நினைக்கவே ஆறவில்லை. நான்கைக் குடைந்து குடைந்து ஒரே ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தேன்.

"நாலுல ஒரு வரிக்கு மட்டும் எடம் இருக்கு. ஆளு வழி தவறிட்டா வீட்டு விலாசம் சொல்லதுக்காக வச்சது. அதை மட்டும் நாலு மாத்தாது, முடிக்காது. நீங்க நெனைச்சா நெனைச்சபடியே வரும். விலாசத்துக்குப் பதிலா வேற எதும் வேணும்னா போட்டுத் தாறேன்."

என்ன கேட்பாள் என்று எனக்குத் தெரியும். 'நான்தான் சாத்துனேன்' என்று ஏற்கனவே தட்டச்சு செய்து வைத்திருந்தேன். திரையை அவள் பக்கம் திருப்பினேன். அவள் படித்தாள். வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"லூர்து… உள்ள… இருக்கியா."

எனக்குப் புரியவில்லை. இதுவா என்று கேட்டேன்.

"அன்னைக்கு… செருப்பைப் பாத்தேன். கூப்பிடல… சார். ஒரு வாட்டி… கூப்பிட்டிருக்கலாம்."

முன்பிருந்ததை அழித்துவிட்டு அதைப் போட்டேன். மூன்றை எடுத்தேன். ஆறு நிமிடம். இந்த முறை நான் எழுந்து போகவில்லை, அவளுக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன்.

நான்கு எழும்பியதும் அவள் வாய் எனக்கு நன்றி சொன்னது, எல்லாம் சௌகரியமாக இருக்கிறது என்றது, வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்லச் சொன்னது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"லூர்து, உள்ள இருக்கியா?"

சத்தமாகவே வந்தது. காரிடார் வரைக்கும் கேட்டிருக்கும். அவள் திரும்பவும் ஒருமுறை சொன்னாள்.

அறைக்கு வெளியே யாரோ தொண்டையைச் செருமினார்கள். கதவு பாதி திறந்தது. தொம்மை நின்றார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. வெளியே அவள் செருப்புக்குப் பக்கத்தில் அவருடையதும் கிடந்தது. உள்ளே வரக் கழற்றியவர் வராமலே நின்றிருக்கிறார்.

"உள்ள யாரும் இல்ல அரசி" என்றார். "வா, போவோம்."

அவள் எழுந்து போனாள். இரண்டு பேரும் செருப்பை மாட்டிக்கொண்டு படியில் இறங்கும் சத்தம் கேட்டது. சாயங்காலம் அறையைப் பூட்டுவதற்கு முன், வெளியே செருப்பு எதுவும் இல்லை என்று தெரிந்தும், உள்ளே தலையை நீட்டி, யாராவது இருக்கிறார்களா என்று ஒருமுறை குரல் கொடுத்தேன். அங்கே வேலை பார்ப்பது நான் ஒருத்தன்தான்.